எட்டு டம்ளர் டீயும் ஒரு கூட்டம் ஈயும்

தேயிலை விலையை நானே தூக்கி நிறுத்திவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவு செய்தேன்.

வேறு வழியில்லை. ஒரு கிலோ பச்சை இலை விற்ற காசில் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்கலாம், வடை கேட்கக்கூடாது. அந்த அளவுக்கு விலை விழுந்து கிடந்த காலம். பச்சை இலையைத் தூளாக்கும் டீ மேக்கராக நான் இருக்கும் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. சம்பளமும் அந்த மூன்று நாளுக்குத்தான். மீட்டிங் போட்டார்கள், மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். எனக்குத் தோன்றியது ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜனங்கள் குறைவாகக் குடிப்பதால்தானே விலை இறங்குகிறது? நிறையக் குடித்தால் ஏறிவிட்டுப் போகிறது! புரட்சியை என் வீட்டிலிருந்தே ஆரம்பித்தேன்.

"கெஸியா, இன்னையிலிருந்து இந்த ஊட்டுல ஆளுக்கு எட்டு டம்ளர் டீ."

"எத்தனை மாசத்துக்குங்க?"

"ஒரு நாளைக்கு!"

"அப்ப காபி?"

"காபி குடிக்கறது தொழிலுக்குத் துரோகம்."

என் மனைவி கெஸியா கூடலூர்க்காரி. அவள் அப்பா வீட்டுக் கொல்லையிலேயே காபிச் செடி உண்டு. காலையில் காபி இறங்கினால்தான் அவளுக்குக் கண் முழுதாகத் திறக்கும். அப்படிப்பட்டவளுடைய காபித்தூள் டப்பாவை எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் டப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே வார்த்தையில் எதையும் ஒப்புக்கொண்டதில்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். பெருமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஈ வந்தது.

சாதாரண ஈ இல்லை. கொசு அளவுக்குச் சின்னதாகக் கறுப்பு ஈ. கடிக்காது. ஆனால் பேச வாயைத் திறந்தால் உள்ளே போகும், மூடினால் மூக்கு வழியாகப் போகும். முன்பக்கத்துக் கண்ணாடி வராந்தாவில் கெஸியா விற்பதற்காக வளர்க்கும் பூந்தொட்டிகளிலிருந்துதான் கிளம்பியது. உறைபனி விழும் மாதம், தொட்டிகளை வெளியே வைத்தால் ஒரே ராத்திரியில் கருகிவிடும்.

ஈ வந்த நேரம் மோசமான நேரம். குன்னூரில் புதிதாகத் திறக்கிற ஓட்டலுக்கு முப்பது தொட்டி பிகோனியாப் பூச்செடி வேண்டுமாம். அதன் மேனேஜர், பெட்டி என்ற மேடம், அடுத்த வாரம் சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பியிருந்தார். பிடித்துவிட்டால் மாதாமாதம் ஆர்டர். பாதிச் சம்பளத்தில் நான் மளிகைக்கடைக் கடனுக்குப் பயந்து அந்தத் தெருவையே தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போகிறவன். அந்த ஆர்டர் கிடைத்தால் தலை நிமிர்ந்து நேர் வழியில் நடப்பேன். ஈ மொய்க்கிற தொட்டியை எந்த ஓட்டல்காரர் வாங்குவார்? நிஜமாகவே பயமாக இருந்தது.

"நீ கவலைப்படாதே. நூறு ஏக்கர் தோட்டத்துல பூச்சி அடிக்கறதைப் பார்த்தவன் நானு" என்றேன்.

"பார்த்தீங்க. அடிச்சது வேற ஆளுங்க" என்றாள்.

அட்டைகளில் மஞ்சள் பெயின்ட் பூசி, விளக்கெண்ணெய் தடவி, தொட்டிக்கு ஒன்றாகக் குத்தி வைத்தேன். மஞ்சளைக் கண்டால் பூவென்று நினைத்து ஈ வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டத்தான் செய்தது. ஆனால் அன்றைக்கு நான் போட்டிருந்தது மாமியார் பின்னிக் கொடுத்த மஞ்சள் ஸ்வெட்டர். பெரிய அட்டை எதுவென்று ஈக்குத் தெரியாதா?

பக்கத்து வீட்டு ஜானகி வந்து ஜன்னலில் நின்று சிரித்தாள்.

"ஏனுங்கண்ணா, இதுல ஆகலைன்னா சொல்லுங்க. எங்க ஊட்டுக்காரரு அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியிலதான் இருக்காரு."

பதிலுக்கு ஜன்னலைச் சாத்தினேன். வாயைத் திறக்க முடியாத நிலைமை.

அடுத்த ஆயுதத்தை எடுத்தேன். ஈரமண்ணில்தான் இந்த ஈ முட்டை வைக்கும். புழு வேரைத் தின்னும். மண் காய்ந்தால் வம்சமே அழியும். மேலே ஒரு விரல் கனத்துக்கு மணல் போட்டேன். தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று உத்தரவு போட்டேன். நாட்கள் போயின. மண் காயவில்லை. மணலுக்கு அடியில் விரலை விட்டால் சொதசொதவென்று இருந்தது.

"கெஸியா, தண்ணி ஊத்துனயா?"

"ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலீங்க. கர்த்தர் பார்த்துட்டிருக்காரு."

கர்த்தரைச் சாட்சிக்கு இழுத்தபின் நான் என்ன கேட்பது? மலைக்காற்றில் ஈரம் அதிகம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஒரு தொட்டியைத் தூக்கும்போது வாசனை வந்தது. என் மூக்கு டீ மேக்கர் மூக்கு. அது பொய் சொல்லாது. ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தேன். எங்கள் ஃபேக்டரி டஸ்ட் டீ. பால் ஊற்றியது. இஞ்சி தட்டிப் போட்டது. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

"கெஸியா!"

வந்தாள்.

"ஒரு நாளைக்கு எட்டு டம்ளர்ல நீ குடிச்சது எத்தனை?"

"முதல் நாள் ஒண்ணுங்க."

"அப்புறம்?"

"செடிதானுங்க குடிச்சுது."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் கையும் களவுமாக அகப்பட்டது இதுதான் முதல் தடவை. வராந்தாவில் நாலு நடை நடந்து, தேயிலை விவசாயிகள் படும் பாட்டைப் பற்றி அருமையாகப் பேசினேன். நடுவில் இரண்டு ஈ உள்ளே போயிற்று. அதையும் பொருட்படுத்தவில்லை.

அவள் முழுவதையும் கேட்டாள்.

"தப்புதானுங்க. ஆனா நாளன்னைக்கு மேடம் வர்றாங்க. மண்ணு காயோணும். காயோணும்னா டீ நிக்கோணும். டீ நின்னா நான் காலையில எதைங்க குடிக்கறது?"

நான் பீரோவைத் திறந்தேன். டப்பா கை மாறியது.

"இனி சனிக்கிழமைக்குள்ள காஞ்சிருமா?" என்று கேட்டேன்.

"ஜெபம் பண்ணுங்க."

பண்ணினேன். வெள்ளிக்கிழமை முழுக்கத் தொட்டிகளை வெயிலுக்கு நகர்த்தி நகர்த்தி இடுப்பு போயிற்று. மண் அசையவில்லை.

சனிக்கிழமை பெட்டி மேடம் ஜீப்பில் வந்து இறங்கினார். விளக்கெண்ணெய்க் கையோடு வராந்தா கதவை மறைத்துக்கொண்டு நின்றேன். எல்லாம் முடிந்தது, கெஸியாவின் ஆசையில் நானே மண்ணள்ளிப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

"செடி இங்கில்லீங்க மேடம். இப்படி வாங்க" என்று கெஸியா அவரைக் கூட்டிக்கொண்டு ஜானகி வீட்டுக்குள் போனாள்.

பின்னாலேயே ஓடினேன். ஜானகி வீட்டு ஜன்னலோரம் முப்பது தொட்டி. சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்கியது. மண் பொலபொலவென்று இருந்தது. ஓர் ஈ இல்லை.

கெஸியாவை ஓரமாக இழுத்தேன்.

"அப்ப நம்ம வராந்தாவுல இருக்கறது?"

"போன வருசத்துத் தொட்டிங்க. வீசறதுக்கு வச்சிருந்தேன். உங்க டீயை வேற எங்கீங்க ஊத்தறது?"

"இதையெல்லாம் எப்ப இங்க கொண்டாந்தே?"

"டப்பாவைப் பூட்டிட்டு மீட்டிங்குக்குப் போனீங்களே, அன்னைக்குத்தானுங்க."

எனக்கு எப்படித் தெரியும்? தேயிலை தவிர மற்றதெல்லாம் எனக்கு ஒன்றுதான். பச்சையாக இருந்தால் செடி, காய்ந்திருந்தால் விறகு. கோபப்பட நினைத்தேன். வரவில்லை. அந்தப் பூக்களைப் பார்த்ததும் இத்தனை நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிவிட்டது. அவள்மேல் மரியாதைகூட வந்தது, வெளியில் சொல்லவில்லை.

பெட்டி மேடம் அங்கேயே ஆர்டர் கொடுத்தார். மாதாமாதம் முப்பது.

"ஒரு ஈகூட இல்லையே, எப்படிம்மா? எங்க ஓட்டல் ஹால்ல இருக்கற தொட்டியில இந்தக் கறுப்பு ஈ உயிரை எடுக்குது."

"எல்லாம் இவருதாங்க மேடம்" என்று கெஸியா என்னைக் காட்டினாள். "மஞ்சள் அட்டை, மணலு, தண்ணி அளவு, எல்லாம் இவருக்கு அத்துப்படி."

சொல்லப்போனால் பொய்யில்லை. என் மார்பு தானாக விரிந்தது.

"அப்ப வாரத்துல மூணு நாள் வந்து எங்க செடியைப் பார்த்துக்கிட்டா நல்லா இருக்கும். சம்பளம் தந்துடறோம்" என்று மேடம் என் பக்கம் திரும்பினார். "சாருக்குச் சம்மதமா?"

நானோ ஃபேக்டரியின் சீனியர் டீ மேக்கர். யோசித்துச் சொல்கிறேன் என்று கௌரவமாகச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"சம்மதம்னு கண்ணாலயே சொல்லிட்டாருங்க" என்றாள் கெஸியா.