துப்பாக்கிக்கு ஒரு பிரேக்கு

தென்காசியில் திருகுமூடி போட்ட பொருள் எதுவானாலும், அதை ஒருமுறையாவது கழற்றி மாட்டிய கை மரை அண்ணாச்சியுடையது. ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ரைஃபிள் கிளப்புக்குச் சம்பளமில்லாத மெக்கானிக். திருகில் சுற்றி ஓடுகிற வரிக்குத்தான் மரை என்று பெயர். அது சரியாக உட்காராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஐந்தருவிக்குக் குளிக்கப் போனால், முதலில் எண்ணெய்க் கடையில் அத்தனை பாட்டில் மூடியையும் திருகிப் பார்ப்பார். ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் கம்மலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "வலது காது திருகை இடது காதுல மாட்டியிருக்கிய. நிக்காது," என்றார். பெண் வீட்டார் முகத்தைச் சுளித்தார்கள். பந்தியில் கம்மல் பாயசத்தில் விழுந்தது. அப்போதும் ஊர், "அந்த ஆளுக்கு மரை கழண்டுட்டு" என்றுதான் சொன்னது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் கிளப்பின் ஒரே பெண், கடையத்துப் பாக்கியம். போலீஸ்காரி. பைக்கிலிருந்து விழுந்து தோள் எலும்பு ஒடிந்து கூடியிருந்தது. பெரிய ரைஃபிளின் உதை இன்னொரு முறை பலமாகப் பட்டால் சுடுவதையே மறந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் போட்டி. உதையைக் குறைக்க மசில் பிரேக் மாட்டலாம் என்று போட்டி விதியில் இருந்ததால் ஒன்று வரவழைத்தோம். பக்கவாட்டில் துளை போட்ட சின்ன இரும்புக் குப்பி. குழல் முனையில் திருகி மாட்டினால் வெடித்த வாயு துளை வழியே பிரிந்து போகும்.

மாட்டினால்தானே. கிளப் செயலாளர் என்ற மிடுக்கோடு நான் திருகினேன், பிடிக்கவில்லை. பாக்கியம் திருகினாள், பிடிக்கவில்லை. பாவூர்சத்திரத்திலிருந்து டெம்போ மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டோம்.

"துப்பாக்கிக்கு எதுக்கு சார் பிரேக்கு? குண்டு நடுவழியில நிக்கணுமா?" என்றார் அவர். அவரும் திருகிப் பார்த்துவிட்டு, "நூலைச் சுத்தி அடிச்சு ஏத்திருவோம்," என்று சுத்தியலை எடுத்தார். பாக்கியம் கையுறையை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அந்த நேரம் அண்ணாச்சி ஈரத் துண்டோடு வந்து சேர்ந்தார். முதலில் ரைஃபிளில் குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்தார். பிறகு குழல் முனையில் நகத்தை ஓட்டினார்.

"எல்லாரும் மாத்தி மாத்தி வலப்பக்கமே சுத்திருக்கிய. இது இடமரை வே."

எதிர்ப்பக்கம் திருகினார். வெண்ணெயாக ஏறியது. மெக்கானிக் கைதட்டப் போனார். அண்ணாச்சி ஒரு பார்வை பார்த்தார். துளைகள் கோணலாக நின்றன. கழற்றி வாஷர் போட்டு, ரசமட்டம் வைத்து, நூலளவு நூலளவாக முறுக்கி, இரண்டு பக்கத் துளையும் ஒரே மட்டத்தில் வந்த பிறகே நிறுத்தினார். குழலுக்குள் நேர்க்கம்பி விட்டு, குண்டு போகும் வழியில் எங்கும் உரசாது என்றும் பார்த்தார்.

"மொத குண்டு நான் சுடுதேன். தப்பா மாட்டியிருந்தா என் கையோட போவட்டும். எல்லாரும் தள்ளிப் போங்க."

எல்லோரும் போனார்கள். நான் அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றேன்.

"வே, உமக்குப் புள்ளகுட்டி இருக்குல்லா?"

"நீங்க மாட்டினதுதான அண்ணாச்சி, சுடுங்க."

சுட்டார். குண்டு நேரே போனது. அடுத்து பாக்கியம் பல்லைக் கடித்துக்கொண்டு சுட்டாள்.

"எப்படிட்டி இருக்கு தோளு?"

"யாரோ தட்டிக் குடுத்த மாதிரி இருக்கு அண்ணாச்சி."

மறுநாள் அவள் வெள்ளி வாங்கினாள். மேடையில் என்னைப் பேசச் சொன்னார்கள். இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சியைக் காட்டி, "அவரு எங்க ஊர்க்காரரு," என்று ஆரம்பித்தேன். எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.