முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்

பதினோராவது ஆள் இறங்கிப் போன பிறகு பாதையில் ஈ, காக்கை இல்லை.

பலாமரத்தடியில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சர்க்கார் ஓவர்சியர், போகிற ஆளுக்கு ஒரு கோடு என்று நோட்டில் போட்டுக்கொண்டிருந்தவர், நோட்டை மூடிவிட்டுக் கொட்டாவி விட்டார். காசிமாயன் புதர் மறைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆள் நடமாட்டம் அதிகமுள்ள பாதைக்குத்தான் பஸ் ரோடு போட சர்க்கார் பணம் ஒதுக்கும் என்று போடி டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஊத்துப்பாறையிலிருந்து போடிக்கு ஏழு மைல் இறக்கம். இருபது வருஷம் ஏலக்காய் மூட்டை சுமந்து அவன் வலது முட்டி பனங்காயாக வீங்கிக் கிடந்தது. பஸ் வந்தால் மூட்டை பஸ் மேலே ஏறிவிடும். வராவிட்டால் அடுத்த மழைக்காலத்தை அந்தக் கால் தாங்காது.

ஊரில் இருப்பதோ, கிழடு கிண்டு நீங்கலாக, இருபத்தாறு பேர்.

"இறங்குனவுகெல்லாம் ஓடை வழியா ஏறி மறுபடியும் வாங்கப்பா. வெரசா!" என்றான் காசிமாயன்.

"எத்தனை தடவை?" மைத்துனன் கண்ணுச்சாமி கேட்டான்.

"நோட்டு ரொம்புற வரைக்கும் மாப்ளே."

மூன்றாம் சுற்றில் ஓவர்சியர் கண்ணுச்சாமியை நிறுத்தினார். "ஏய், உன்னை இப்பத்தானே பார்த்தேன்?"

"அது எங்க அண்ணன், சாமி."

"அதுக்கு முன்னாடி போனது?"

"எங்க அப்பன். எங்க குடும்பத்துல எல்லாருக்கும் ஒரே மூஞ்சி சாமி."

நாற்காலிக்குப் பின்னால் நின்ற பியூன் சுடலை இருமினான்.

அதற்குப் பிறகு தலைப்பாகைகள் கைமாறின. கண்ணுச்சாமி அடுப்புக்கரியில் மீசை வரைந்துகொண்டு வந்தான். வியர்வையில் மீசை தாடியாகிவிட்டது. ஓவர்சியர் அதற்கும் ஒரு கோடு போட்டார். ஆனால் முகம் மலரவில்லை.

"எல்லாம் வெறுங்கையை வீசிக்கிட்டுப் போகுதே. இந்த ஊர்ல சுமக்கிற ஆளே கிடையாதா?" என்றார்.

காசிமாயனுக்குச் சுருக்கென்றது. ஏலக்காய் முழுக்க முந்தின நாளே போடிக்கு இறங்கிவிட்டது. காலிச் சாக்குகள்தான் மிச்சம். ஓடையில் கல்லுக்குப் பஞ்சமா?

"ஏலக்காய் இம்புட்டா கனக்கும்?" அவன் பெண்டாட்டி ராமுத்தாய் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டே வைதாள். "உன் ஒரு முட்டிக்குப் பஸ்சு வரணும்னு ஊரு முட்டியெல்லாம் கழண்டு போச்சு."

"பொறு தாயி. பஸ்சுல முத டிக்கெட்டு உனக்குத்தேன்."

"டிக்கெட்டக் கொண்டுபோயி ஓடையில போடு!"

கல் மூட்டைகளைக் கண்டதும் ஓவர்சியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பலே! பொம்பளைகூட என்னமாத் தூக்குது பாரு!" என்று சுடலையிடம் சொல்லிச் சொல்லிக் கோடு போட்டார். அவர் சிரிக்கச் சிரிக்க காசிமாயன் இன்னும் நாலு கல் சேர்த்துப் போட்டான்.

பொழுது சாயும்போது ஆளுக்குப் பன்னிரண்டு சுற்று முடிந்திருந்தது. இருபத்தாறு பேரும் ஓடைக்கரையில் மல்லாந்து கிடந்தார்கள். ஓவர்சியர் நோட்டில் 'முந்நூற்றுப் பன்னிரண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சந்தோஷமாக மலையிறங்கினார்.

நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்த சுடலையிடம் காசிமாயன் நொண்டிக்கொண்டே வந்தான். கண்ணுச்சாமியும் கூட வந்தான்.

"அண்ணே, பஸ்சு ரோடு வந்துருமில்ல?"

"வராம? போன மாசமே உத்தரவு ஆயிருச்சே."

"அப்ப ஐயா எதுக்கு எண்ணுனாரு?"

சுடலை நாற்காலியைத் தலையில் தூக்கி வைத்தான். "பாதிச் செலவுதான்யா சர்க்காரு. மீதிக்கு ஊர்க்காரவுக கூலியில்லாமக் கல்லு சுமக்கணும். வீட்டுல வந்து கேட்டா அம்புட்டுப் பேரும் நோயாளிங்கிறீக, அதான் பாதையில உக்காந்து எண்ணுறது. திங்கக்கிழமை விடிய முந்நூத்திப் பன்னெண்டு பேரும் வந்து நிக்கணும்" என்றவன், கண்ணுச்சாமி பக்கம் திரும்பினான். "நீ உங்க அண்ணன், அப்பன், அந்தக் கரித்தாடிக்காரரு எல்லாரையும் மறக்காமக் கூட்டிட்டு வந்துரு."