சோப்புப் பொடி தின்ற ஈஸ்ட்

பதற்றக்காரன் கையில் கழுவி வைத்த கண்ணாடிக் குடுவையைக் கொடுக்கக் கூடாது. அவன் அதை இன்னொரு தடவை கழுவுவான். நான் கழுவினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் பாளையங்கோட்டையில் கல்லூரி விரிவுரையாளராக இருந்தேன். நாற்பது வயதைத் தாண்டி முனைவர் பட்ட ஆய்வு. ரொட்டியை உப்ப வைக்கும் ஈஸ்டைப் பட்டினி போட்டால் அதன் ஜீன்கள் என்ன செய்யும் என்பதுதான் தலைப்பு. பாஸ்பேட் சத்து கிடைக்கும்வரை ஒரு ஜீன் உறங்கும். அது தீர்ந்ததும் விழித்துக்கொண்டு, வெளியிலிருந்து பாஸ்பேட்டைப் பறித்துவர ஒரு நொதியை உண்டாக்கும். சாயம் ஊற்றினால் அந்த நொதி உள்ள குடுவை சிவக்கும். இருநூற்றுப் பதினான்கு தடவை சிவந்திருக்கிறது. (ஆமாம், எண்ணினேன்.)

வாய்மொழித் தேர்வில் செய்து காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் பெருமையடித்துக் கிளம்பினேன். பின்வரிசையில் என் மனைவி, மைத்துனன் சங்கரன், சேரன்மகாதேவி உறவினர் பதினொரு பேர். தேர்வாளருக்கு மதியச் சாப்பாடு நம் வீட்டுப் பொறுப்பு என்பதால் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் வந்திருந்தன.

இரண்டு குடுவைகளிலும் சாயத்தை ஊற்றினேன். சத்து கொடுத்த ஈஸ்ட் வெளுப்பாகவே இருந்தது, சரி. பட்டினி கிடந்த ஈஸ்டும் வெளுப்பாகவே இருந்தது.

“என்ன அத்தான், ரெண்டும் ஒண்ணு போல வெளுத்துல்லா கெடக்கு?” என்றான் சங்கரன்.

“வாய மூடுலே,” என்றாள் அவன் அக்கா.

வெளியூர்த் தேர்வாளர் குடுவையின் கழுத்தை முகர்ந்தார். “எலுமிச்சை வாசனை வருதே சார்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஆய்வுக்கான குடுவைகளை அமிலத்தில்தான் கழுவ வேண்டும். முந்தைய நாள் அவை மங்கலாகத் தெரிந்தன. வெளியூர்க்காரர் என்ன நினைப்பாரோ என்று வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோப்புப் பொடி போட்டுத் தேய்த்திருந்தேன். அந்தப் பொடியில் பாஸ்பேட் ஏராளம். பட்டினி போட வேண்டியவற்றுக்கு விருந்து வைத்துவிட்டேன்!

ஈஸ்ட் பழசு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பதினொரு உறவினர் முன்னால் உள்ளதைச் சொன்னேன்.

“அப்போ நிரூபிங்க,” என்றார் அவர்.

“சாயங்காலம் அஞ்சு ஆகும் சார்.”

“ஆறரைக்கு எனக்கு ரயில்.”

மீதி ஈஸ்டைச் சுத்தமாக அலசி, நான் தேய்க்காமல் விட்ட ஒரே குடுவையில் பாஸ்பேட் இல்லாமல் போட்டேன். ஆறு வருட உழைப்பும் அதற்குள் கிடந்தது. தேர்வாளர் மூன்று முறை சொதி வாங்கிச் சாப்பிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார்.

சங்கரன் என் காதில், “தின்னவரு தூங்குதாரு, தின்னாதது முழிக்கணும். இதானே அத்தான் ஒங்க படிப்பு?” என்றான்.

என் ஆய்வேட்டில் இதற்கு நூற்று எண்பத்தாறு பக்கம் ஆகியிருந்தது.

ஐந்து மணிக்குச் சாயம் ஊற்றினேன். குங்குமம் கரைத்ததுபோல் சிவந்தது. பின்வரிசை கைதட்டியது.

“தப்பு உங்களோடது, ஈஸ்ட்டோடது இல்ல,” என்று கை கொடுத்தார் அவர். “காரணத்தை நீங்களே கண்டுபிடிச்சு நிரூபிச்சீங்களே, அது போதும். வாழ்த்துகள், டாக்டர்.”

இன்றும் கல்யாண வீடுகளில் சங்கரன் என்னை அறிமுகப்படுத்தும் விதம் இதுதான்: “எங்க அத்தான், பட்டினி டாக்டர். ஊசி போடமாட்டாரு, சோத்த நிறுத்திப்போடுவாரு.” சோற்றை அல்ல, பாஸ்பேட்டை மட்டும் என்று திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். ‘பட்டினி’யை அவன் எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும், ‘டாக்டர்’ என்பதைச் சற்று உரக்கச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.