வெளியே போகிற வழி எது, மாப்பிள்ளை?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நான் நலம். உங்கள் மாமியாரும் நலம் என்றே நினைக்கிறேன். கேட்டால் பதில் சொல்வதில்லை. உங்கள் நலத்தையும் என் மகளின் நலத்தையும் அறிய ஆவல்.

நிற்க. ஓய்வுபெற்ற மனுஷன் சும்மா இருக்கக் கூடாது என்று உங்கள் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்து, மொபைல் செயலி செய்யும் பாடத்தையும் அதில் போட்டுத் தந்தீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், குற்றம் சொல்லவில்லை. நானும் உங்கள் மாமியாரின் தையல் கடைக்கு ஒரு செயலி செய்யலாமென்று உட்கார்ந்தேன். முதல் திரையில் துணி மாதிரிகள், அடுத்ததில் அளவு, அதற்கடுத்து ஆர்டர். ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போக வைத்த அன்று எனக்கே என்மேல் மரியாதை வந்தது. திரும்பி வருவதற்கும் அதே கட்டளையை எழுதினேன். போகிற வண்டிதானே திரும்பியும் வரும்? நீங்கள்தான் பிறகு போனில் சொன்னீர்கள்: "மாமா, போறப்ப ஒரு திரைமேல இன்னொண்ணை அடுக்குறோம். வர்றப்ப மேல இருக்கிறதை எடுக்கணும். நீங்க வர்றப்பவும் அடுக்கிட்டே இருக்கீங்க." அதற்குள் முதல் திரைமேல் முதல் திரையாகக் கோபுரம் எழும்பி, செயலியைப் போட்டுப் பார்த்த பக்கத்து மருந்துக்கடைக்காரரின் போன் இஸ்திரிப் பெட்டியாகச் சுட்டுவிட்டது.

சரி, எடுக்கச் சொன்னேன். அங்கேதான் அடுத்த வினை. நீதிமன்றக் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு எதையும் இரண்டு தடவை கேட்காவிட்டால் தூக்கம் வருமா? எந்தப் பொத்தானைத் தொட்டாலும் "நிச்சயமாகவா?" என்று ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும்படி வைத்தேன். அந்தப் பெட்டியை மூடினால் கீழே இருந்த திரையும் கூடவே போய், போன் முழுக்க அமாவாசை. அதைச் சரிசெய்யப் போனேன். ஒரு பெட்டி போனால் இன்னொரு பெட்டி வர ஆரம்பித்தது.

இந்த நேரம் பார்த்து, எங்கள் தெருமுனைப் பள்ளித் தலைமையாசிரியை, சீருடைத் தையலை உங்கள் மாமியாருக்கே கொடுக்கலாமா என்று செயலியைத் திறந்து பார்த்திருக்கிறார். அது கிடைத்தால் இன்னொரு தையல் மிஷின் போடலாம் என்பது இவளுடைய வெகுநாள் கனவு. அந்த அம்மாள் எதையோ தொட, ஆர்டர் விழுந்துவிட்டது. அதை நீக்கப் போனால் "ஆர்டரை ரத்து செய்யவா?" என்று பெட்டி கேட்டிருக்கிறது. கீழே "சரி", "ரத்து" என்று இரண்டு பொத்தான். ரத்து செய்ய நினைப்பவர் எதை அமுக்குவார்? அமுக்கினார். ரத்து ரத்தாகி, ஆர்டர் நிலைத்துவிட்டது. வெளியேறப் பார்த்தால் "நிச்சயமாகவா?". ஆமாம் என்றால் மறுபடி துணி மாதிரிகள். கடைசியில் போனும் கையுமாகக் கடைக்கே வந்து, "வெளியே போற வழி எதும்மா?" என்று கேட்டார். உங்கள் மாமியார், "இப்பதானே உள்ள வந்தீங்க!" என்று வாசலைக் காட்டினாள். அவரும் வந்த வழியே போய்விட்டார்.

எல்லாம் என் செயலி செய்த வேலை என்று தெரிந்ததும் உங்கள் மாமியார் மூடிய வாய்தான். நேற்று மட்டும் "பசிக்குது, சாப்பாடு போடு" என்றேன். "நிச்சயமாவா?" என்றாள். ஆமாம் என்றேன். தட்டு வந்தது. அதன்மேல் இன்னொரு தட்டு வந்தது. அவ்வளவுதான் வந்தது.

ஆகவே மாப்பிள்ளை, ஆளை விடுங்கள். நாளைக் காலை செயலியை அழித்துவிடுவேன். கம்ப்யூட்டரைப் பழைய போர்வையில் சுற்றி வைத்திருக்கிறேன். யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருவரும் எங்கே போனாலும் நல்லபடியாகத் திரும்பி வந்து நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தலைமையாசிரியை வந்தார். வெளியே போக முடியாததால் மாதிரிகள் அத்தனையையும் பார்க்க நேர்ந்து, பிடித்துப்போய்விட்டதாம். சீருடை உங்கள் மாமியாருக்கே. பள்ளிக்கும் ஒரு செயலி வேண்டுமாம். "பெத்தவங்க சுற்றறிக்கையைப் பாதியிலயே மூடிட்டுப் போயிடுறாங்க சார். உங்களோடது மாதிரியே செஞ்சு குடுங்க" என்கிறார். உங்கள் மாமியாரே போர்வையைப் பிரித்துவிட்டாள். யாரையும் அனுப்ப வேண்டாம். நீங்கள் திருத்தச் சொன்ன எதையும் இனித் திருத்துவதாகவும் இல்லை.