நாற்பத்தொன்பதாம் எண் சட்டைக்காரன்

ஒஹையோ,
புதன்கிழமை காலை.

பிரியமுள்ள மாப்பிள்ளை வேட் அவர்களுக்கு,

மைத்துனன் லொவெல் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவாறு இருக்கிறோம். நீங்களும் என் தங்கை நோரீனும் குழந்தைகளும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் இதை எழுதுகிறேன். கல்லூரிப் பையன்களை அமெரிக்கன் ஃபுட்பால் அணிகள் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கியெடுக்கும் டிராஃப்ட் நெருங்கும்போது, என்னைப் போல ஆள் பார்க்கிறவன் உங்களைப் போல வேறு அணிக்கு ஆள் பார்ப்பவரோடு போனில் பேசினால் சீட்டுக் கிழியும் என்று எங்கள் ஆபீஸில் உத்தரவு. கடிதம் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உத்தரவு இல்லாவிட்டாலும் இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது.

ஈஸ்டர் அன்று உங்கள் வீட்டில் பன்றித் தொடைக் கறியை வெட்டிக்கொண்டே, பெல்ஃபோர்ட் கல்லூரிப் பையன் டிமேரியஸ் ஹோலோவேயைப் பற்றி நான் அளந்தது உங்களுக்கு மறந்திருக்காது. தடுப்பு வரிசையில் இப்படி ஒருத்தனை நான் கண்டதே இல்லை, ஒரு வாரம் பாறையாய் நின்று ஓடி வருகிறவனை மறிக்கிறான், மறு வாரம் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை அமுக்குகிறான், அதற்கடுத்த வாரம் எதிராளியைக் குழப்ப இடது கைக்காரனாகவே மாறிவிட்டான் என்றெல்லாம் சொன்னேன். நீங்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "நெசமாவா மச்சான்?" என்றீர்கள். "என் பேர் மேல சத்தியம் மாப்ளே, ஆனா உங்க ஆபீஸ்ல மூச்சு விடக் கூடாது" என்றேன். மூச்சு விடுவீர்கள் என்று தெரிந்தேதான் சொன்னேன். தங்கை வீட்டில் ஒருநாளாவது பெரிய ஆளாகத் தெரிய வேண்டும் என்ற அல்ப ஆசை, வேறென்ன.

போன வாரம் அந்தப் பையன் எங்கள் ஆபீஸுக்குப் பேட்டிக்கு வந்தான். எங்கள் தலைவர் ஷெல்டன் பக்கத்தில் இருக்க, நான் ஆட்டப் படத்தை ஓடவிட்டு, "தம்பி, இந்த எடத்துல எப்படிப்பா அப்படிச் சுழண்டு திரும்பின?" என்று கேட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு, "அது நான் இல்லீங்க சார், கோர்டெல்" என்றான். அடுத்த ஆட்டத்தைப் போட்டேன். "இது ப்ரைசன் சார். நான் அதோ ஓரமா தொப்பி போட்டுட்டுத் தண்ணி குடிக்கிறேன் பாருங்க." மூன்றாவதில் வந்த இடது கைக்காரன் வேறு யாரோ. நான்காவதைப் போட்டதும் முகம் மலர்ந்து, "இதான் சார் நான்" என்றான். அதில் அவன் மல்லாந்து கிடந்தான்.

படத்தில் நான் கண்ணை எடுக்காமல் பார்த்த அந்த நாற்பத்தொன்பது, அங்கே காலமான ஒரு பயிற்சியாளருடைய எண்ணாம். ஒவ்வொரு வாரமும் பயிற்சியில் யார் அதிகம் உழைத்தானோ, அவனுக்கு அந்தச் சட்டையைப் போட்டுக் கௌரவிப்பது வழக்கமாம். கடைசி ஆட்டத்துக்கு அது ஹோலோவேக்கு வந்ததால் ஆட்டக்காரர் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே அவன் பெயர். முதுகில் பெயர் போடாத கல்லூரி, ஹெல்மெட்டுக்குள் முகமா தெரிகிறது? ஒரு தடவை நேரில் போயிருந்தால் வாசலில் சோளப்பொரி விற்கிறவனே சொல்லியிருப்பான். நானோ பனி, முழங்கால் என்று சோபாவில் படுத்துப் படம் பார்த்துவிட்டு, போய் வந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஷெல்டன் கத்தியிருந்தால் தேவலை. "நாலு பேரைப் பாத்து ஒருத்தனைக் கண்டுபிடிச்சிருக்கீங்க, லொவெல். டிராஃப்ட் முடிஞ்சதும் மேஜையைக் காலி பண்ணிடுங்க" என்று மெதுவாகத்தான் சொன்னார். பையன் வேறு என் தோளைத் தட்டி, "விடுங்க சார், எங்க அம்மாவே ஆள் மாத்திக் கை தட்டியிருக்காங்க" என்று ஆறுதல் சொன்னான். 

என் வேலை போனால் போகட்டும். உருப்படியாக ஒருத்தனைக் காட்டினால்தான் உங்கள் வேலை இந்த வருஷம் தங்கும் என்று, ஈஸ்டர் அன்று பாத்திரம் கழுவும்போது நோரீன் அழுதாள். அப்படிப்பட்ட உங்களிடமா நான் வாயைத் திறந்தேன் என்று நினைக்க நினைக்க அவமானமாக இருக்கிறது. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், மாப்பிள்ளை, அவனை எடுக்கச் சொல்லாதீர்கள். பையன் தங்கம், ஆட்டம்தான் வராது. விரைவுத் தபாலில் போட்டால் இது நாளைக்கே உங்கள் கைக்கு வந்துவிடும்.

குழந்தைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் வீட்டையும் வேலையையும் கர்த்தர் என் வாயிலிருந்து காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் முகத்தில் விழிக்க முடியாத
லொவெல்

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. அனுப்பத் தைரியம் வராமல் கடிதம் என் கோட்டுப் பையிலேயே இருந்துவிட்டது. சற்று முன் இரண்டாம் சுற்றில் உங்கள் அணி ஹோலோவேயை எடுத்துவிட்டது. நான் தலையில் கை வைத்து, "ஐயோ, மாப்பிள்ளைகிட்ட நான்தான் சொன்னேன்" என்று ஆபீஸில் எல்லார் முன்னாலும் உளறிவிட்டேன். ஷெல்டன் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "அவனை எதிரணி தலையில கட்ட விருந்துலயே வலை விரிச்சிட்டீங்களா? அதுவும் சொந்த மாப்பிள்ளைக்கு? உங்கள மாதிரி ஆளத்தான்யா தேடிட்டு இருந்தேன்." மேஜை தப்பியது, பதவியும் உயர்ந்தது. அதற்குள் நோரீன் போனில், "அண்ணே, அவருக்கு வேலை உறுதியாயிடுச்சு. எல்லாம் உன்னாலதான்" என்று சந்தோஷத்தில் அழுதாள். நான், "அதுக்கென்னம்மா" என்றேன். இனி இதை அனுப்பவும் வெட்கம், அனுப்பாமல் இருக்கவும் வெட்கம். அதனால் ஸ்டாம்ப் ஒட்டாமல் தபால் பெட்டியில் போடுகிறேன்; வந்து சேர்வதும் சேராததும் கர்த்தர் சித்தம்.