எந்தப் பாவி பட்டி பார்த்தான்?

பழைய கார் வைத்திருப்பவர்களில் ஒரு தனி இனம் உண்டு. கார் என்ன மாடல், என்ன நிறம், எத்தனை மைல் ஓடியது என்பதையெல்லாம் வைத்து இவரைக் கண்டுபிடிக்க முடியாது. ஏதாவது ஒரு திருகைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். கழற்றி முடித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார், உச்சுக் கொட்டுவார், தலையை இரண்டு தரம் ஆட்டிவிட்டு, "இதுக்கு முன்னாடி இந்த வண்டிய வச்சிருந்த ஆளு இருக்கானே..." என்று ஆரம்பிப்பார். அவர்தான். சந்தேகமே வேண்டாம்.

இந்த இனம் எங்கும் உண்டு என்றாலும், இங்கிலாந்தின் நடுப்பகுதியில்தான் செழித்து வளர்கிறது. மழை ஒரு காரணம். மழை துருவைத் தருகிறது, துரு பேச்சைத் தருகிறது. ஸ்டவர்பிரிட்ஜ் பக்கம், மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் மதுக்கடையின் கார் நிறுத்துமிடத்துக்குப் போனால், முப்பது கார்கள் வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்கும். முப்பது மடக்கு நாற்காலிகளில் முப்பது பேர் பிளாஸ்க் டீயும் பன்றி இறைச்சி ரொட்டியுமாக உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு ஒன்றுதான். ஃபியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதத்தைச் சுருட்டி வைத்த முன்னாள் உரிமையாளர். பிரேக் குழாயைச் சணல் கயிற்றால் கட்டிவைத்த முன்னாள் உரிமையாளர். கதவுக்குச் சுவர் பெயின்ட் அடித்த முன்னாள் உரிமையாளர். இப்படி ஒரு மனிதரை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா? இல்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் முப்பது பேரும் தங்கள் வாழ்நாளில் ஆளுக்கு நாலைந்து கார்களை விற்றவர்கள். விற்ற மறுநாளே இன்னொரு ஊரில், இன்னொரு கார் நிறுத்துமிடத்தில், இவர்களை நினைத்தும் ஒருவர் உச்சுக் கொட்டியிருப்பார். அதை மட்டும் யாரும் யோசித்ததில்லை.

லயனல் பிட்டாக் அந்த முப்பது பேரில் மூத்தவர். பேருந்து கம்பெனியில் கால அட்டவணை போடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு. அவருடைய கார் 1967-இல் செய்தது. பச்சை நிறம், இரண்டே இருக்கை, துணிக்கூரை. 1988-இல் மிஸ் தோர்லி என்ற ஓய்வுபெற்ற நர்ஸிடமிருந்து வாங்கினார். அந்த அம்மாள் இருபத்தோரு வருடம் வைத்திருந்தார். லயனல் முப்பத்தாறு வருடமாக வைத்திருக்கிறார். இருந்தாலும் அந்தக் காரில் நடந்த எல்லா அநியாயங்களுக்கும் பொறுப்பு மிஸ் தோர்லி. அவர் இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இறந்தவர்கள் நல்ல முன்னாள் உரிமையாளர்கள், எதிர்த்துப் பேசுவதில்லை.

பன்னிரண்டு வருடமாகக் கார் ஷெட்டில் பிரித்துப் போட்டுக் கிடந்தது. எஞ்சின் வேலை முடிந்தது, கியர் வேலை முடிந்தது, இருக்கைக்குத் தோல் தைத்தாகிவிட்டது. "இனி பெயின்ட் மட்டும்தான் பாக்கி" என்று லயனல் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். பழைய கார்க்காரர் ஒருவர் பெயின்ட் மட்டும்தான் பாக்கி என்று சொன்னால் என்ன அர்த்தம்? இதுவரை செலவே ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

அவர் மனைவி ஹிலரிக்கு இது தெரியும். வங்கியில் இருவருக்கும் சேர்த்து இருந்தது பதினெட்டாயிரம் பவுண்டு. மகள் பெத்தன் நியூசிலாந்தில் இருந்தாள், பிப்ரவரியில் முதல் குழந்தை, ஆண் என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டது. இருவரும் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வர ஆளுக்கு ஐந்தாயிரம்.

"எட்டு உன் காருக்கு, பத்து நம்ம பேரனுக்கு" என்றார் ஹிலரி. "நடுவுல கோடு போட்டாச்சு லயனல். தாண்டாத."

"எட்டே ஜாஸ்தி" என்றார் லயனல். அப்போது அவர் அதை நம்பியும் இருந்தார்.

பிறகு விலை கேட்கும் படலம். முதல் பட்டறைக்காரர் ஆயிரத்து ஐந்நூறு சொன்னார், வெள்ளிக்கிழமை எடுத்துக்கொள்ளலாம் என்றார். லயனல் அவரை ஏமாற்றுக்காரர் என்றார். இரண்டாவது இடத்தில் சோபா இருந்தது, காப்பி இயந்திரம் இருந்தது, சுவரில் பரிசுக் கோப்பைகளுடன் கார்களின் படம் இருந்தது. நாற்பதாயிரத்தில் ஆரம்பிக்கும் என்றார்கள். லயனல் அவர்களைக் கொள்ளைக்காரர்கள் என்றார். காப்பியை மட்டும் குடித்து முடித்துவிட்டு வந்தார். மூன்றாவது, ரயில் பாலத்துக்குக் கீழே டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பல்பீர் ஜோஹல்.

பல்பீர் முதலில் விலை பேசவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற ஒரு சின்னக் காந்தத்தை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். தகரம் இருக்கிற இடத்தில் காந்தம் ஒட்டும். ஓட்டையைப் பட்டி வைத்து அடைத்து மேலே பெயின்ட் அடித்த இடத்தில் ஒட்டாது, விழும். விழுந்தது. கதவடியில் விழுந்தது, முன்சக்கரத்துக்கு மேலே விழுந்தது, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகரத்தில் விழுந்துகொண்டே போனது.

"பாஸ், ஒட்டுற எடத்த விட விழுற எடம்தான் ஜாஸ்தியா இருக்கு."

"நான் இல்லப்பா. எனக்கு முன்னாடி வச்சிருந்த அம்மா."

"எல்லாரும் அதான் பாஸ் சொல்றாங்க. யாரு அந்த அம்மான்னு தெரிஞ்சா மாலை போடணும். என் பொழப்பே அவங்களாலதான் ஓடுது." பல்பீர் காந்தத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஏழாயிரம். ஆனா இது கண்ணுக்குத் தெரியறதுக்கு மட்டும். பெயின்ட்ட உரிச்சுப் பாத்தப்புறம்தான் உண்மையான ரேட்டு."

இதில் மூன்று வாக்கியம் இருக்கிறது. இந்த இனத்தாருக்கு முதல் வாக்கியம் மட்டும்தான் காதில் விழும். லயனல் வீட்டுக்குப் போய், "ஏழுதான், ஆயிரம் மிச்சம்" என்றார்.

"வெறும் பெயின்ட்டுக்கா ஏழு?" என்று ஹிலரி கேட்டார். அந்தக் கணக்கு லயனலுக்கும் புரியவில்லை. பெயின்ட்டின் விலை எழுநூறுதான். மற்றதெல்லாம் ஆள் கூலி. பழைய பெயின்ட்டை உரித்து, துருப்பிடித்த தகரத்தை வெட்டி எறிந்து, புதுத் தகரத்தைத் தட்டி வளைத்து, வெல்டிங் வைத்து, மெல்லிசாகப் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்து, அதையும் தேய்த்து, மறுபடி அடித்து, மறுபடி தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவி ஒரு மேடும் பள்ளமும் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் நிறத்தின் டப்பாவையே திறப்பார்கள். ஊரார் பார்த்து வியக்கும் அந்தப் பளபளப்பு, யாரோ ஒருவர் இரண்டு மாதம் தோள் வலிக்கத் தேய்த்த தேய்ப்பு.

மூன்றாவது வாரம் பல்பீர் போன் செய்தார்.

"பாஸ், உக்காந்திருக்கீங்களா?"

"நிக்கிறேன்."

"உக்காருங்க."

லயனல் உட்கார்ந்தார். பதின்மூன்றாயிரம்.

ஹிலரியிடம் அதை எப்படிச் சொல்வது? இந்த இனத்தாருக்கு அது கஷ்டமே இல்லை. தொகையைச் சொல்வதற்கு முன்னால் குற்றவாளியைச் சொல்லிவிடுவார்கள். "எல்லாம் அந்தத் தோர்லியோட வேல" என்று ஆரம்பித்தார் லயனல். "நர்ஸாம், நர்ஸ்! மனுஷங்களுக்கு என்ன கட்டு கட்டினாளோ. அவளுக்கு வாரிசு யாராவது இருக்காங்களான்னு ஒரு வக்கீல்கிட்ட விசாரிக்கலாமான்னு பாக்கறேன்." பிறகு, டீயைக் கலக்கிக்கொண்டே, "நியூசிலாந்த அடுத்த வருஷம் வச்சுக்கிட்டா என்ன? இப்பப் போனா குழந்த தூங்கிட்டேதான இருக்கும். ஒரு வயசாச்சுன்னா நம்மள அடையாளம் தெரியும்" என்றார்.

ஹிலரி எழுந்து சுவர் நாட்காட்டியைப் பார்த்தார்.

"சனிக்கிழம நானும் பட்டறைக்கு வர்றேன்" என்றார். "என் பேரன் காச அந்த அம்மாவுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி, அவ வேலைய ஒரு தடவ பாத்துடறேன்."

சனிக்கிழமை பட்டறையில் கார், உரித்த கோழி மாதிரி வெறும் தகரமாகத் தாங்கியின் மேல் நின்றது. மேசையில் பல்பீர் பட்டிக் கட்டிகளைப் பரப்பி வைத்திருந்தார். சில ஒன்றரை அங்குல தடிமன். லயனலுக்கு இது துக்க வீடு, அதேசமயம் மேடை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேறு காரைப் பார்க்க வந்திருந்த இரண்டு பேரும் கேட்கும்படி குரலை உயர்த்தினார்.

"எந்தப் பாவி பட்டி பார்த்தான்னு கேக்கறேன்! இது பட்டியா? சுவர் கட்டியிருக்கா! இவங்களையெல்லாம் கார் பக்கத்துல விட்டதே தப்பு."

"இதையும் பாருங்க பாஸ்" என்று பல்பீர் கதவடிப் பெட்டித் தகரத்துக்குள் இடுக்கியை விட்டார். கோழிக்கூண்டு வலை ஒரு சுருள் வந்தது. அதன் பின்னாலேயே, பிசினில் ஊறி விறைத்துப்போன கம்பளி ஒன்று பலகை மாதிரி வந்தது. துருவும் ஆரஞ்சும் கலந்த நிறம்.

"கம்பளி!" லயனல் கூவினார். "ஓட்டைல கம்பளிய அடைச்சிருக்கா பாருங்க! தலைக்குள்ள ஏதாவது இருக்கறவ செய்யற வேலையா இது?"

ஹிலரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். விரலால் ஒரு ஓரத்தைத் தடவினார்.

"இது கை" என்றார்.

"என்ன கை?"

"ஸ்வெட்டர் கை. கட்டம் கட்டமா வருது பாரு, நாலாவது கட்டம் மட்டும் கோணலா இருக்கு. பெத்தன் வயித்துல இருக்கறப்ப உனக்குப் பின்னினது. அன்னிக்குப் பூரா எனக்கு வாந்தி, அதனால கண்ணி தப்பிப்போச்சு."

இரண்டு வாடிக்கையாளர்களும் தங்கள் காரை மறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"க்ரூ ஸ்டேஷன்ல ரயில்லயே விட்டுட்டேன்னு சொன்ன" என்றார் ஹிலரி. "மூணு வாரம் தொலைஞ்ச பொருள் ஆபீசுக்குப் போன் பண்ணேன் லயனல். கடைசில அந்த ஆளு என் குரலக் கேட்டதுமே, 'பிட்டாக் அம்மாவா, இன்னும் வரலீங்க'ன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டான்."

லயனலுக்கு எல்லாம் ஒழுங்காக, பேருந்து அட்டவணை மாதிரி வரிசையாக ஞாபகம் வந்தது. 1992, ஒரு ஞாயிறு. மறுநாள் காலை எட்டு மணிக்கு, கார் ஓடத் தகுதியானதா என்று அரசாங்கம் பார்க்கும் வருடாந்திரச் சோதனை. கதவடியில் ஒரு கை போகிற அளவு ஓட்டை, கடைகள் மூடிவிட்டன, நாற்காலியின் முதுகில் ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்தது. மேலே பட்டியை அப்பி, தேய்த்து, டப்பா ஸ்ப்ரே அடித்தார். மறுநாள் சோதனை அதிகாரி விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "நல்ல கெட்டி" என்றதும் ஞாபகம் வந்தது. அன்று முழுக்க இருந்த பெருமையும் ஞாபகம் வந்தது. மேசைமேல் இருந்த மற்றக் கட்டிகளைப் பார்த்தார். ஒவ்வொன்றும் தெரிந்த முகமாக இருந்தது.

பல்பீர் நல்ல மனிதர். ஆனால் தொழிலில் சுத்தமானவர். "பாஸ், தப்பா நினைக்காதீங்க. அந்த அம்மா பட்டியே வைக்கல. அவங்க காலத்துப் பெயின்ட்டு பின்பக்கத்துல அப்படியே இருக்கு, பாருங்க. கண்ணு மாதிரி வச்சிருந்திருக்காங்க."

எந்த மனிதனும் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வான். லயனல் மூடவில்லை.

"அது முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி, ஹிலரி. அப்ப இருந்த லயனல் வேற ஆளு. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"சரி" என்றார் ஹிலரி. "அப்ப அந்த ஆளுகிட்டயே காச வாங்கிக்க."

பல்பீர் திடீரென்று உப்புத்தாள் எங்கே இருக்கிறது என்று தேடப் போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஹிலரி கணக்கை ஒரே தடவையில் முடித்தார். "எட்டு பேசினது, அது உனக்குத்தான். என் டிக்கெட் என்னோடது. மிச்சம் அஞ்சு உன் டிக்கெட்டு. எட்டும் அஞ்சும் பதிமூணு. போறியா, பூசறியா, நீயே சொல்லு. முன்னாடி இருந்த லயனலக் கேக்காத, இப்ப இருக்கறவன் சொல்லட்டும்."

இப்போது இருக்கிற லயனல் இரண்டு நாள் யோசித்தார். முதல் நாள் பேரனைப் பற்றி யோசித்தார். இரண்டாம் நாள், எட்டாயிரத்தோடு நிறுத்தினால் சாம்பல் நிறப் பிரைமரோடு கார் நிற்குமே, ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் பார்ப்பார்களே என்று யோசித்தார்.

பிப்ரவரியில் ஹிலரி தனியாக விமானம் ஏறினார். அங்கிருந்து ஒரு படம் அனுப்பினார்: சுருங்கிய முகமும் மூடிய முஷ்டியுமாக ஒரு குழந்தை. லயனல் பதிலுக்கு ஒரு படம் அனுப்பினார்: பச்சைக் கதவு, அதில் அவர் முகமே தெரிகிற பளபளப்பு.

மார்ச் முதல் ஞாயிறு, கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் காரைச் சுற்றி நின்றார்கள். பார்த்தார்கள், குனிந்தார்கள், பெருமூச்சு விட்டார்கள். எவ்வளவு ஆச்சு என்று ஒருவர் கேட்டார்.

"பதிமூணு" என்றார் லயனல். "பேரனப் பாக்கக்கூடப் போக முடியல. எல்லாம் அந்தப் பழைய ஆளு பண்ணி வச்ச வேல."

முப்பது பேரும் உச்சுக் கொட்டினார்கள்.

நீங்கள் சிரிக்கலாம். உங்களிடம் பழைய கார் கிடையாது, பட்டி பார்க்கத் தெரியாது, ஸ்டவர்பிரிட்ஜ் எந்தத் திசை என்றும் தெரியாது. ஆனால் போன வாரம் சமையலறைக் குழாய் ஒழுகியபோது, தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு, "எந்த முட்டாள் இத இப்படி மாட்டினான்?" என்று வீடு அதிரக் கேட்டீர்களே, அப்போது பக்கத்தில் நின்ற உங்கள் மனைவி ஏன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்?