கோழித் தலை திரும்பிய திசை

கங்ஷான்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மைத்துனன் குவோரென்னுக்கு, அத்தான் ஷெங்ஹோ எழுதுவது. உன் அக்கா நலம். வியட்நாமில் நீ கட்டும் புது ஆலைக்கு மண்காக்கும் சாமி துணையிருக்கட்டும்.

இன்று காலை வரை உறுதியான செய்தி: அச்சுப் பட்டறைத் தலைவி பாவோஷியூ வேலைக்கு வரவில்லை. சொன்னவர் வாசல் காவலாளி. நானும் போய்ப் பார்த்தேன். அவருடைய தேநீர்க் குடுவை மேசையில் இல்லை. நம் திருகாணிகளுக்கு அச்சு செதுக்க அவரை விட்டால் ஆளில்லை. நம்மிடம் வாங்கும் ஜெர்மன்காரர்கள் மாதிரித் திருகாணிக்காகக் காத்திருக்கிறார்கள். அவர் போனதற்குக் காரணம் நான். என் ஃபோனை நீ எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். கணக்கர் ஷென் இதைப் படமெடுத்து இன்றே உனக்கு அனுப்புவான்.

ஓய்வுபெற்ற நிருபனான என்னை ஆலையில் ஆலோசகனாக வைத்துக்கொண்டாய். ஆண்டிறுதி விருந்தையும் உன் சார்பில் நடத்தச் சொன்னாய். முந்தாநாள் இரவு விருந்தில் உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். சுழல்மேசையில் முழுக்கோழி, தலை என் பக்கம். வேலையைவிட்டு அனுப்பப்போகிறவர் பக்கம் முதலாளி கோழித் தலையைத் திருப்பிவைத்ததெல்லாம் உன் அப்பா காலம். இப்போது யார் மனமும் நோகாதபடி முதலாளி பக்கமே வைக்கிறார்கள். சமையற்கார அம்மாளுக்கு முறை தெரிந்திருக்கிறது என்று மெச்சிக்கொண்டேன். அப்போது பார்த்து ஷென், "ஐயா, நீங்க பேப்பர்ல காலம்பூரா எழுதினது இதைத்தானே. நாம, கொரியாக்காரங்க எல்லாம் எப்படி முன்னுக்கு வந்தோம்? இனிமேலும் வளருவோமா?" என்று கேட்டான்.

எழுந்து நின்றேன். மீனைக் காட்டி, இது உழுதவனுக்கே நிலம் கொடுத்தது என்றேன், மேசையைச் சுழற்றி சூப்பை வரவழைத்து இது சனங்கள் வாயைக் கட்டிச் சேர்த்த சேமிப்பு என்றேன், இன்னொரு சுற்று, இறால், அது ஏற்றுமதி, ஆனா இதெல்லாம் ஒரு கட்டம் வரைக்கும்தான்யா, எந்திரத்தைக் காசிருந்தா எவனும் வாங்கலாம், நாளுக்கு நாள் புதுசாக் கத்துக்கிற கை இருக்கே, அதுதான் ஒரு நாட்டை ரொம்ப தூரம் கொண்டுபோகும், அதைக் கைவிட்டவன் கெட்டான்னு முழங்கி, மேசையைக் கடைசியாக ஒரு தள்ளு தள்ளினேன். அது நின்றது. கோழி பாவோஷியூவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒருவரும் மெல்லவில்லை. இரண்டாவது வரிசை எந்திரங்களை நீ வியட்நாமுக்கு ஏற்றப்போகிறாய் என்ற பேச்சு ஏற்கெனவே ஆலையில் உண்டு. பாவோஷியூ சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"முதலாளிக்கு நேர்ல சொல்லத் தைரியமில்லையாக்கும். கோழிகிட்ட சொல்லி அனுப்பியிருக்காரு."

போய்விட்டார்.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகலாமா? எல்லாரும் கொடுக்கிற புட்டிக் கோழிச் சாறு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டேன். கதவைத் திறந்தவர் பெட்டியைப் பார்த்தார்.

"மறுபடியும் கோழியா?"

உள்ளே விட்டார், அதுவரை நல்லது. "மேசை தற்செயலா நின்னுச்சு, அதை நம்பறேன் சார். நான் கேக்கறது வேற. என்கிட்ட இருக்கறவங்க இன்னும் பாதி வேலைகூடக் கத்துக்கல. அந்த வரிசை போகுதா, இருக்குதா? வேற ஆலையில கூப்பிடறாங்க. திங்கக்கிழமை வரைக்கும் பொறுப்பேன்."

தெரியாது என்றேன். ஆசியா முழுதும் எப்படி வளர்ந்தது என்று எழுதியவனுக்கு, மைத்துனன் ஆலையில் அடுத்த மாதம் என்ன நடக்கும் என்பது தெரியவில்லை. குவோரென், அவரிடம் நீயே பேசு. தப்பு என்னுடையது, மன்னித்துவிடு.

வரும் புத்தாண்டில் உன் வீடு நிறையட்டும். ஆலையில் ஆளும் நிறையட்டும்.

அன்புடன்,
அத்தான் ஷெங்ஹோ

பி.கு.: இதைப் படமெடுக்கக் கொடுக்கும் நேரத்தில் சமையற்கார அம்மாள் பாத்திரம் எடுக்க வந்தாள். முறை தெரிந்தவள் என்று பாராட்டினேன். "முறையாவது ஒண்ணாவது! முதலாளிதான் வியட்நாம்லேருந்து ஃபோன் போட்டாரு. 'அத்தான் தினமும் பிரசங்கம் பண்றாரு, தாங்கல. எங்க உக்காந்தாலும் தலையை அவர் பக்கமே வையி, புரிஞ்சுக்குவாரு'ன்னாரு" என்கிறாள். கோழி வேலையைவிட்டுப் போகச் சொன்னது என்னைத்தான் என்று அன்று நான் புரிந்துகொள்ளவில்லை; அதற்கு என் பதிலாக இந்தக் கடிதத்தை வைத்துக்கொள். மேலே கேட்ட மன்னிப்பை அடித்துவிட்டுப் படி. பாவோஷியூவிடம் சொன்னேன். ஃபோனில் வெகுநேரம் சிரித்தார். திங்கள் காலை ஆலைக்கு வருகிறாராம், அந்த வரிசையைப் பற்றி நீ ஃபோன் போட்டு உன் வாயால் சொல்வதைக் கேட்க. நானும் வருகிறேன், எந்த நாற்காலியில் உட்காருவது என்று கேட்க. இரண்டுக்கும் பதில் உன்னிடம்தான் நிற்கிறது.